எடுத்த படமும் எடுத்துக்கொண்ட படமும்

"முகம் எங்க தம்பி?"

படத்தைக் காட்டியதும் அக்கா கேட்ட முதல் கேள்வி இதுதான்.

நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து படம் எடுக்கும் சிறு குழு. சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு சொல்லைத் தலைப்பாக வைத்துக்கொண்டு, அதற்கு ஆளுக்கொரு படம் கொண்டுவருவோம். மழை, கதவு, காத்திருப்பு என்று போய்க்கொண்டிருந்தபோது ஒருமுறை 'கண்ணியம்' என்று வந்தது. நான் வேலை பார்க்கும் கட்டடத்தின் மாடிப்படிகளைத் தினமும் கழுவித் துடைக்கும் அக்காதான் உடனே நினைவுக்கு வந்தார். ஒருநாள் காலை, அவர் குனிந்து படி தேய்த்துக்கொண்டிருந்தபோது மேல்மாடி வளைவிலிருந்து எடுத்தேன். ஜன்னல் வெளிச்சம் அவர் முதுகில் விழுந்திருந்தது. ஈரப் படிகள் மின்னின. கறுப்பு வெள்ளையாக்கி, வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாட்டை, அதாவது கான்ட்ராஸ்ட்டை ஏற்றி, குழுவில் வைத்தேன். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. உழைப்பின் கண்ணியம் என்றார் ஒருவர்.

அதை அக்காவிடம் காட்டப் போனது பெருமையோடுதான். திரையை இரண்டு விரலால் பெரிதாக்கினார். தன் முதுகைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். முகத்தைத் தேடினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதை எம் பொண்ணுகிட்ட காட்ட முடியாதே" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மாடிக்குப் போய்விட்டார்.

எத்தனையோ பேர் பாராட்டிய படம் அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு இல்லாமல் போனது. அவருடைய மகளிடம் காட்ட முடியாத படத்துக்குக் கண்ணியம் என்று நான் பெயர் வைத்திருந்தேன். அன்று மாலையே அதைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டேன். எங்கே தவறினோம் என்று புரிய ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அந்த வருடத்தில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல்லையே கொஞ்சம் பார்க்க வேண்டியிருந்தது. 'கண்ணியமான மனிதர்' என்கிறோம். 'கண்ணியமாக நடத்தினார்' என்றும் சொல்கிறோம். ஒன்று ஒருவரிடம் இருப்பது, மற்றது ஒருவர் இன்னொருவருக்குச் செய்வது. நான் முதலாவதைப் படம் பிடிக்க அலைந்துகொண்டிருந்தேன், நிமிர்ந்த தலை, உழைத்த கை, சுருக்கம் விழுந்த முகம் என்று அடையாளங்களைத் தேடிக்கொண்டு. இரண்டாவதை மறந்தே போனேன். கேமராவுக்கு இந்தப் பக்கம் இருந்த நான் அவரைக் கண்ணியமாக நடத்தினேனா? கேட்காமல் எடுத்தேன். அவர் தலைக்கு மேலே நின்று எடுத்தேன். அவர் பார்க்கும் முன்பே மற்றவர்களிடம் காட்டினேன்.

இன்னொன்றும் உறைத்தது. 'நான் அவரைப் படம் எடுத்தேன்' என்பது ஒன்று. 'அவர் படம் எடுத்துக்கொண்டார்' என்பது வேறொன்று. பொத்தானை அழுத்தியது இரண்டிலும் நானாகவே இருக்கலாம். ஆனால் இரண்டாவது வாக்கியத்தில் படம் அவருடையது. என்ன உடை, எந்த இடம், எப்படி நிற்பது என்று அவர் முடிவு செய்து, தனக்காக எடுத்துக்கொண்டது. கண்ணியத்தைப் படத்தில் கொண்டுவருவது என்று நான் இன்று நம்புவது இதைத்தான். எடுத்த படத்தை எடுத்துக்கொண்ட படமாக மாற்றுவது.

மன்னிப்புக் கேட்டு, மறுபடி எடுக்கட்டுமா என்று அக்காவிடம் கேட்டபோது அவர் உடனே சரி சொல்லவில்லை. "வேலை முடிஞ்சப்புறம்" என்றார். நான் வேலை செய்யும்போது எடுக்கத்தான் நினைத்திருந்தேன். அவருக்கோ வேலை முடிந்த பிறகுதான். இது சின்ன வித்தியாசம் இல்லை. நான் அவர் படும் பாட்டைக் காட்ட நினைத்தேன். அவர் அந்தப் பாட்டின் பலனைக் காட்ட நினைத்தார்.

சொன்ன நாளில் போனேன். கடைசிப் படி வரை துடைத்து முடித்துவிட்டு முகம் கழுவி வந்தார். வேலைக் கோட்டைக் கழற்றி, மடித்து, ஓரமாக வைத்தார். சுருட்டிவிட்டிருந்த கைகளை இறக்கிப் பொத்தான் போட்டார். படிகள் தொடங்கும் இடத்தில், அவற்றுக்கு முன்னால் போய் நின்றார். துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். "அது எதுக்கு? பின்னாடி படி தெரியுதா பாரு, அது போதும்" என்றார்.

முகப்படம் என்றால் பின்புலத்தை மங்கலாக்கிவிடுவது எனக்குப் பழகிப்போன வழி. லென்ஸின் துளையை அகலத் திறந்து எஃப்/1.8இல் வைத்தால் பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துவிடும், முகம் மட்டும் எடுப்பாக நிற்கும். அன்று அது உதவாது. அவர் காட்ட விரும்பியதே பின்னால்தான் இருந்தது. துளையைச் சுருக்கி எஃப்/8க்கு இறக்கினேன். மாடிப்படியில் வெளிச்சம் குறைவு என்பதால் ஷட்டர் வேகம் 1/60 நொடிக்கு வந்தது, கேமராவை முக்காலியில் ஏற்றினேன். ஒவ்வொரு படியின் விளிம்பும் தெளிவாக வந்தது. அதற்குப் பிறகு பின்புலத்தை மங்கலாக்கும் ஒவ்வொரு முறையும், இவர் வாழும் இடத்தை எதற்காக அழிக்கிறேன் என்று ஒரு கணம் யோசிக்கிறேன். சில சமயம் நல்ல காரணம் இருக்கும். பல சமயம் அழகு என்பதைத் தவிர வேறொன்றும் இருக்காது.

உயரம் அடுத்தது. அக்கா என்னைவிடக் குள்ளம். நான் நின்றபடி எடுத்தால் கேமரா அவரைக் கீழ்நோக்கிப் பார்க்கும். முக்காலியை அவருடைய கண் உயரத்துக்கு இறக்கினேன். ஒரு காலத்தில் இன்னும் கீழே போய் அண்ணாந்தும் எடுத்திருக்கிறேன், அப்படி எடுத்தால் ஆள் கம்பீரமாகத் தெரிவார் என்று. அது ஆளைச் சிலையாக்கிவிடுகிறது. சிலையோடு யாரும் பேச முடியாது. கண்ணுக்கு நேரே இருந்தால் போதும்.

தூரத்தைப் பற்றிப் பலரும் கவலைப்படுவதில்லை. கைபேசியின் முதன்மை கேமரா பெரும்பாலும் 24 முதல் 28 மி.மீ. வரையிலான அகலக் கோணத்துக்குச் சமம். அதில் முகம் பெரிதாக வர வேண்டுமென்றால் ஓரடி நெருக்கத்துக்குப் போக வேண்டும். அவ்வளவு கிட்டே போனால் மூக்கு பெருத்து, காதுகள் பின்னே ஒதுங்கி, முகம் உப்பிவிடும். குற்றம் லென்ஸுடையது அல்ல, நெருக்கத்துடையது. ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி நின்றுகொண்டு 2எக்ஸ் ஜூம் போட்டு எடுத்துப் பாருங்கள், அதே கைபேசியில் அதே முகம் தன் அளவோடு வரும். நாம் ஒருவரோடு மரியாதையாகப் பேச நிற்கும் தூரமும் ஏறக்குறைய அதுதான். அக்காவை முழு உருவமாக எடுக்க 50 மி.மீ. லென்ஸோடு மூன்று மீட்டருக்கு மேல் தள்ளிப் போனேன்.

நிறத்தைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் சுவரைச் சாம்பலாக்குவதற்காக மொத்தப் படத்தையும் இருட்டிவிடும், கறுத்த முகம் நிழலாகிவிடும். அதனால் ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரை முகத்தில் வைத்து அளக்கிறேன். இல்லையென்றால் எக்ஸ்போஷரை அரை ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ ஏற்றிக்கொள்கிறேன் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம்). சுவர் வெளுத்தால் வெளுத்துவிட்டுப் போகட்டும். கலர் ஃபிலிம் காலத்தில், பிரிண்ட் போடும் இடங்களில் நிறம் சரிபார்க்க வைத்திருந்த மாதிரி அட்டையில் பல பத்தாண்டுகளாக வெள்ளைத் தோல் பெண் மட்டுமே இருந்தார். 'ஷெர்லி அட்டை' என்பார்கள். கறுத்த தோலின் நுட்பமான சாயல்கள் அந்தக் கணக்கில் வரவேயில்லை. இன்றைக்கு அதே தப்பு வேறு உருவத்தில் வருகிறது. பல கைபேசிகளின் அழகூட்டும் வசதி, கேட்காமலேயே தோலை வெளுப்பாக்கி, சுருக்கத்தை வழித்தெடுத்துவிடுகிறது. எடுக்கும் முன் அதை அணைத்துவிடுங்கள். முகம் இருக்கும் நிறத்தில் இருக்கட்டும், வெளிச்சத்தை மட்டும் நாம் சரியாகக் கொடுப்போம். எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு, முதல் படத்தில் நான் செய்தது அதுதான். கான்ட்ராஸ்ட்டும், நுணுக்கங்களை எடுப்பாக்கும் கிளாரிட்டியும் ஏற்ற ஏற்ற உழைப்பவர் முகம் பாறை மாதிரி ஆகிவிடும். சுருக்கத்தை அழிப்பதும் பொய், ஆழமாகத் தோண்டுவதும் பொய்.

அந்தச் சமயத்தில்தான் பழைய படங்களை மறுபடி எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். 1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்க வந்தவர்கள் தங்கியிருந்த முகாமில் அமெரிக்கப் படக்கலைஞர் டோரதியா லேங்கி எடுத்த தாயின் படம் உலகத்துக்கே தெரியும். கன்னத்தில் கை, தோளில் முகம் புதைத்த இரண்டு குழந்தைகள். பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கும் படம். ஆனால் லேங்கி அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை. ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற பெயர் 1978இல்தான் வெளியே வந்தது, 42 வருடம் கழித்து. அந்தப் படம் எடுக்கப்பட்டிருக்கவே வேண்டாம் என்றுதான் அவர் அப்போது வருத்தப்பட்டார். தன் வறுமையின் அடையாளமாக உலகம் முழுக்கத் தொங்கிய படத்தில் அவருக்கு ஒரு சொல்லும் இல்லை. லேங்கி கொடுமைக்காரர் இல்லை, அந்த மக்களுக்கு உதவி கிடைக்க வேண்டும் என்றுதான் எடுத்தார். அதனால்தான் எனக்கு இன்னும் அதிகமாக வலித்தது. நல்ல எண்ணம் மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

அதற்குப் பக்கத்தில் கறுப்பினப் படக்கலைஞர் கார்டன் பார்க்ஸின் படத்தை வைத்துப் பார்த்தேன். 1942, வாஷிங்டன். அரசுக் கட்டடம் ஒன்றில் துப்புரவு வேலை பார்த்த எல்லா வாட்சன் என்ற பெண், அமெரிக்கக் கொடிக்கு முன்னால், ஒரு பக்கம் துடைப்பமும் மறுபக்கம் தரைதுடைப்பானுமாக நேரே பார்த்து நிற்கிறார். பார்க்ஸ் முதலில் அவரோடு உட்கார்ந்து அவர் கதையைக் கேட்டார். அந்த ஒரு படத்தோடு நிறுத்தவும் இல்லை. தொடர்ந்து அவர் வீட்டுக்குப் போய், பேரப்பிள்ளைகளோடு, வழிபாட்டு இடத்தில் என்று எடுத்துக்கொண்டே இருந்தார். துடைப்பத்தோடு நிற்பவர் யார் என்று மற்ற படங்கள் சொல்லிவிடுகின்றன. ஒரே படத்தில் ஒருவரை முடித்துவிடக் கூடாது என்று எனக்கு அதிலிருந்து தோன்றியது. இப்போது யாரை எடுத்தாலும் மூன்று முறையாவது போகிறேன். முதல் தடவை பெரும்பாலும் கேமராவை வெளியே எடுப்பதில்லை.

ஒரு டெய்லர் ஐயாவிடம் கற்றதையும் சொல்ல வேண்டும். மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னதும் பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பவர் மாதிரி விறைத்துக்கொண்டார். கைகள் இரண்டும் தொடையோடு ஒட்டிவிட்டன. "இயல்பா இருங்க ஐயா" என்றேன். இன்னும் விறைத்தார். பேச்சுக் கொடுத்தேன், ஏதோ நினைவு வந்து வாய்விட்டுச் சிரித்தார், அந்த நொடியைப் பிடித்துவிட்டேன். இதுதான் படம் என்று நிச்சயமாக இருந்தேன். இரண்டையும் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோனபோது அவர் எடுத்துக்கொண்டது விறைத்து நின்ற படத்தை.

"சிரிச்சது உனக்குப்பா. இது எனக்கு."

இயல்பு என்று நாம் சொல்வது பல நேரம் நமக்கு வசதியான ஒரு தோற்றம். கேமராவுக்கு முன் சட்டையை இழுத்துவிட்டு நேராக நிற்கும் ஒருவர், இப்படி என்னை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிறார். அது நடிப்பு இல்லை, அவருடைய முடிவு. மாலி நாட்டின் பமாகோவில் 1948இல் ஸ்டூடியோ திறந்த செய்தூ கெய்டா என்ற படக்கலைஞர் இதை நன்றாக அறிந்தவர். வருகிறவர்கள் உடுத்திக்கொள்ள உடை, கட்டிக்கொள்ளக் கடிகாரம், பக்கத்தில் வைத்துக்கொள்ள ரேடியோ என்று எல்லாம் வைத்திருந்தார். பூவேலைத் துணிக்கு முன் தாங்கள் விரும்பியபடி அமர்ந்த அந்த மனிதர்கள் இன்றும் நம்மைச் சரிசமமாகப் பார்க்கிறார்கள். அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஃப்ரெடரிக் டக்ளஸ், 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் மிக அதிகமாகப் படம் எடுத்துக்கொண்டவர்களில் முதலாமவர். சுமார் 160 படங்கள் இருக்கின்றன, கிட்டத்தட்ட எதிலும் அவர் சிரிக்கவில்லை. கறுப்பின மக்களைப் பல்லிளிக்கும் கோமாளிகளாக வரைந்துகொண்டிருந்த காலத்தில் அந்தச் சிரிக்காத முகம் அவர் அறிந்தே கொடுத்த பதில்.

விறைப்பு சங்கடத்தால் வருகிறதா, விருப்பத்தால் வருகிறதா என்பதைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். சங்கடமாக இருந்தால் கைகள்தான் காட்டிக்கொடுக்கும், எங்கே வைப்பது என்று தெரியாமல் அலையும். அப்போது கைக்குப் பழகிய ஒன்றைப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன், இல்லையென்றால் உட்காரச் சொல்வேன். இதெல்லாம் புரிய வேண்டுமென்றால் ஒருமுறை நீங்களே போய் உட்கார்ந்து பாருங்கள். குழுவில் ஒரு நண்பரிடம் அரைமணி நேரம் நான் உட்கார்ந்தேன். ஷட்டர் சத்தம் வராத இடைவெளிகளில் அவர் எதையோ பார்த்து முகம் சுளித்தபோதெல்லாம் என்னிடம் என்ன குறை என்று மனம் பதறியது. கேமரா செட்டிங்கைப் பார்த்துத்தான் சுளித்திருக்கிறார். அன்றிலிருந்து படம் எடுக்கும்போது பேசிக்கொண்டே இருக்கிறேன், "வெளிச்சத்தை மாத்துறேன், நீங்க நல்லா இருக்கீங்க" என்று.

கஷ்டத்தில் இருப்பவரை எடுப்பது பற்றி நிறையக் கேட்கிறார்கள். கண்ணியம் என்றால் கஷ்டத்தை மறைப்பதா? இல்லை. நண்பர் ஒருவர், நோய்ப்படுக்கையில் இருந்த தன் அப்பாவை எடுத்துத் தரச் சொன்னார். மூக்கில் குழாய், தோளெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. மகன் கேட்டது போதாது என்று பெரியவரிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், மேசையைக் காட்டிக் கண்ணாடியைக் கேட்டார். மாட்டிவிட்டதும் என்னைப் பார்த்தார். குழாயை மறைக்கவா என்றதற்குத் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான், தன்னைப் பார்ப்பவனைத் தானும் பார்க்க வேண்டும். குழாயும் இருக்கிறது, எலும்பும் இருக்கிறது, அவற்றுக்கு மேலே கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவர் பார்க்கிறார். 1908 முதல் அமெரிக்க ஆலைகளில் குழந்தைத் தொழிலாளர்களை எடுத்த லூயிஸ் ஹைனின் படங்களிலும் இதையே பார்க்கிறேன். அழுக்கும் களைப்பும் எதுவும் மறைக்கப்படவில்லை. குழந்தைகள் நேரே பார்க்கிறார்கள். தன் கோட்டுப் பொத்தான்களை அளவாக வைத்துக்கொண்டு அந்தக் குழந்தைகளின் உயரத்தைக் குறித்துக்கொண்டவர் அவர். அவ்வளவு பக்கத்தில் நின்றார்.

சரி சொல்வது பற்றியும் ஒரு வார்த்தை. நம்மிடம் ஏதோ ஒரு வகையில் கடன்பட்டிருப்பவர் சொல்லும் 'சரி' முழுச் சரி ஆகாது. உதவி வாங்க வந்த இடத்தில், சம்பளம் கொடுக்கும் இடத்தில், சிகிச்சை தரும் இடத்தில் வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அதனால் இரண்டு முறை கேட்கிறேன். எடுக்கும் முன் ஒருமுறை. படத்தைப் பார்த்த பின், இது எங்கே போகப்போகிறது என்று சொல்லி, இன்னொருமுறை. இரண்டாவது முறை வேண்டாம் என்றவர்களின் படங்கள் என்னிடம் இல்லை. அவற்றில் மிக நல்ல படங்கள் இருந்தன. அழித்தபோது வருத்தமாகத்தான் இருந்தது. பெயரைப் போடலாமா, எப்படிப் போட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். 'ஒரு தொழிலாளி', 'ஒரு மூதாட்டி' என்று எழுதுவதை விட்டுவிட்டேன். பெயர் வேண்டாம் என்றால் அவர் சொல்லும் வார்த்தையையே போடுகிறேன்.

பிரிண்ட் கொடுப்பது கட்டாயம். அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் கண்ணாடி அளவு பார்க்கும் தொழிலில் இருந்த மில்டன் ரோகோவின், 1972இல் தன் பகுதி ஏழை மக்களை எடுக்க ஆரம்பித்தார். எப்படி நிற்க வேண்டும் என்று சொல்லமாட்டார். எடுத்த படத்தின் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுப்பார். 80களிலும் 90களிலும் அதே ஆட்களைத் தேடிப் போய் மறுபடி எடுத்தார். கதவு திறந்ததற்குக் காரணம் முன்பு கொடுத்த அந்தப் பிரதிகள்தான் என்று நான் நினைக்கிறேன்.

அக்காவுக்கும் பிரிண்ட் கொண்டுபோனேன், கொஞ்சம் பெரிய அளவில். ஐந்து படங்களில் அவரே தேர்ந்தெடுத்தது. எனக்குப் பிடித்தது வேறொன்று. கையை நன்றாகத் துடைத்துவிட்டு விளிம்பைப் பிடித்து வாங்கினார். முகத்தைப் பார்த்தது இரண்டு நொடி இருக்கும். பிறகு பார்வை பின்னால் போய், ஒவ்வொரு படியாக மேலே ஏறியது. ஓரிடத்தில் நின்றது.

"நாலாவது படியில கறை தெரியுது பாத்தியா?"

பார்த்தேன். வலது ஓரத்தில், கட்டைவிரல் அளவில் ஒரு பழுப்புக் கறை. எடிட்டிங்கில் ஒரு நொடியில் எடுத்துவிடலாம் என்றேன்.

"நீ எதுக்கு எடுக்கணும்? நான் நாளைக்கு எடுத்துடறேன். சாயங்காலம் கேமராவைக் கொண்டா."

மறுநாள் சாயங்காலம் போனேன். நாலாவது படியைக் காட்டிவிட்டு, கோட்டைக் கழற்றி மடிக்கத் தொடங்கினார்.